நீலக் கயிறு

பற்பசைக்கும் கரடிக்கும் என்ன சம்பந்தம் என்று கண்ணாடிக்காரிக்கு முதலில் விளங்கவில்லை. பூங்காவின் நுழைவாயிலில் விதிகள் எழுதிய பெரிய பலகை ஒன்று இருந்தது. கணவரும் பெண்ணும் காரிலேயே உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் இறங்கிப் போய், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி அதைத் தலைப்பிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டு வந்தாள். வாசனை உள்ள எதையும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாதாம். சாப்பாடு மட்டும் இல்லை, சோப்பு, பற்பசை, உதட்டுக்குத் தடவுகிற களிம்பு எல்லாமே ஒவ்வொரு இடத்திலும் போட்டிருக்கிற இரும்புப் பெட்டிக்குள் போய்விட வேண்டுமாம். இப்போது கூடாரம் போட்டு முடித்தாகிவிட்டது. அவள் தன் பையைக் கவிழ்த்து, ஒவ்வொரு பொருளாக எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். லென்ஸ் துடைக்கிற தண்ணீரில் லேசாக எலுமிச்சை வாசனை அடித்தது. கரடிக்கு எலுமிச்சை பிடிக்குமோ பிடிக்காதோ, எதற்கு வம்பு என்று அதையும் பெட்டிக்குள் வைத்தாள்.

கண்ணாடிக்காரி என்பது கணவர் வீட்டு உறவுக்காரர்கள் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள் என்பதால் அந்தப் பெயர். அவளுக்கும் அது காதில் விழுந்திருக்கிறது, கோபம் வரவில்லை. சொல்லப்போனால் அந்த வீட்டில் அவளுக்கு ஒரு பெயராவது இருக்கிறதே என்று இருந்தது. ஏனென்றால், யாருடைய வாயிலிருந்து ஒரு பெயர் வர வேண்டும் என்று அவள் காத்திருந்தாளோ, அந்த வாய் அவளை ஒன்றுமே சொல்லிக் கூப்பிடுவதில்லை. கணவரின் பெண்ணுக்குப் பதினொரு வயது. அம்மா என்று கூப்பிடு என்று பெரியத்தை சொல்லிப் பார்த்தாள், சித்தி என்று கூப்பிடேன் என்று மாமா சொல்லிப் பார்த்தார். பெண் தலையை ஆட்டிவிட்டு, யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலேயே ஒரு வருடத்தை ஓட்டிவிட்டாள். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. "சாப்பாடு ரெடியா?" என்று கேட்பாள், "கதவு திறந்திருக்குங்க" என்பாள். கேள்வி காற்றில் வரும், பதிலும் காற்றில் போகும். கண்ணாடிக்காரிக்கு இந்த உலகத்தில் வேறு பெரிய ஆசை எதுவும் இருக்கவில்லை. இந்தப் பெண் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தானாக அவளைத் தேடி வர வேண்டும். வந்து எதையாவது கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

அவர்கள் மூவரும் முதன்முதலில் சந்தித்ததே கடையில்தான். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண்ணின் சிவப்புக் கண்ணாடியில் ஒரு பக்கக் காது பிடிக்கிற கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. புதிதாக எவ்வளவோ ஃப்ரேம் வந்திருக்கிறது, எடுத்துக் காட்டட்டுமா என்று கேட்டதற்கு, அந்தப் பெண் கண்ணாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இது எங்கம்மா எடுத்தது" என்றாள். அப்பா தரையைப் பார்த்தார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கண்ணாடிக்காரி உள்ளே போய், விற்காமல் கிடந்த இன்னொரு ஃப்ரேமிலிருந்து கீலைக் கழற்றி இதில் மாட்டி, லென்ஸ் மட்டும் புதிதாகப் போட்டுக் கொடுத்தாள். போட்டுப் பார்க்கும்போது அந்தப் பெண் இரண்டு கையாலும் முடியைப் பின்னால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, முகத்தை நிமிர்த்திக் காட்டினாள். "இப்ப நல்லா தெரியுதா?" என்று கேட்டாள் கண்ணாடிக்காரி. கடையில் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். பெண் கண்ணைத் திறந்து, சுவரில் இருந்த எழுத்துகளைப் பார்த்து, பிறகு அவளைப் பார்த்து, "ம்" என்றாள். அதற்குப் பிறகு லிஃப்ட்காரர் தன் கண்ணாடியைச் சரிசெய்ய அடிக்கடி வர ஆரம்பித்தார். அந்தக் கண்ணாடியில் ஒரு கோளாறும் இல்லை என்பது கடைப் பையன்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெண் முகத்தை அப்படி நிமிர்த்திக் காட்டவே இல்லை.

இந்தப் பூங்காவுக்கு அவர்கள் மூன்று பேரும், அதாவது அப்பாவும் பெண்ணும் இறந்துபோன அம்மாவும், வருடா வருடம் வந்திருக்கிறார்கள். அம்மா போன பிறகு வரவே இல்லை. இந்த முறை போகலாமா என்று லிஃப்ட்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, பெண் உடனே சரி என்றுவிட்டாள். பழைய இடம்தான் வேண்டும், ஏரிக்குப் போகிற பாதை திரும்புகிற மூலையில் இருப்பது, வேறு இடம் என்றால் வரமாட்டேன் என்று மட்டும் ஒற்றைக்காலில் நின்றாள். பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருப்பதால் கேட்கிறாள் என்று நினைத்து அவரும் அந்த இடத்துக்கே சொல்லிவைத்தார்.

முதல் நாள் சாயங்காலமே கண்ணாடிக்காரிக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. உயரமான ஊசியிலை மரங்களுக்கு நடுவே சின்னச் சின்னத் திடல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மர மேசை, தீ மூட்ட ஒரு இரும்பு வளையம், கரடிக்குப் பயந்து ஒரு பெட்டி. வேலி இல்லை, சுவர் இல்லை, கோடு கூடப் போடவில்லை. ஆனாலும் ஒருவர் இடத்துக்குள் இன்னொருவர் காலை வைப்பதில்லை. பலகையில் அதுவும் எழுதியிருந்தது: குறுக்கு வழி என்று அடுத்தவர் இடத்தின் ஊடே நடக்காதீர்கள். தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவரைச் சுற்றிக்கொண்டு போவது போலச் சுற்றிப் போனார்கள். எதிரில் வருகிறவரைப் பார்த்துத் தலையசைத்தார்கள், குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். எல்லாச் சத்தமும் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல மெத்தென்று கேட்டது. எங்கோ ஒரு பாத்திரம் இடிபட்டது, எங்கோ ஒரு குழந்தை சிரித்தது, எந்தத் திசையிலிருந்து என்று சொல்ல முடியவில்லை. சுற்றிப் போவது அவளுக்குப் பழக்கமான வேலைதான். கணவர் வீட்டில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி இருக்கிறது, யாரும் உட்காருவதில்லை. அலமாரியில் ஒரு தட்டு இருக்கிறது, யாரும் திறப்பதில்லை. யாரும் எதுவும் சொல்லாமலேயே அவள் அதையெல்லாம் தெரிந்துகொண்டு, ஒரு வருடமாகச் சுற்றிச் சுற்றித்தான் நடந்துகொண்டிருக்கிறாள். இங்கே எல்லாவற்றையும் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்களே, அது எவ்வளவு நிம்மதி என்று நினைத்தாள்.

மறுநாள் காலையில் ஏரியிலிருந்து பனிமூட்டம் எழுந்து மரங்களுக்குள் வந்துவிட்டது. அப்பாவும் பெண்ணும் தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு ஏரியைப் பார்க்கக் கிளம்பினார்கள். "நீயும் வாயேன்" என்றார் லிஃப்ட்காரர். பெண் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். "நீங்க போயிட்டு வாங்க, நான் இதையெல்லாம் ஒழுங்கு பண்றேன்" என்றாள் கண்ணாடிக்காரி. இரண்டு பேரும் பத்தடி போவதற்குள் பனியில் கரைந்துபோனார்கள். பேச்சுக்குரல் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயிற்று. அவள் மேசையைத் துடைத்தாள். யாரோ முன்பு வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன பாட்டில் மூடியையும் காகிதத் துணுக்கையும் பொறுக்கினாள். பாத்திரம் கழுவிய தண்ணீரை, பலகை சொன்னபடியே, ஓடையில் கொட்டாமல் தூரமாகக் கொண்டுபோய் மண்ணில் பரவலாக ஊற்றினாள். திரும்பி வரும்போதுதான் அந்த மரத்தைப் பார்த்தாள்.

திடலின் ஓரத்தில் நின்ற மரம். அடிமரத்தில், அவளுடைய நெஞ்சு உயரத்தில், ஒரு நீல நைலான் கயிறு சுற்றிக் கட்டியிருந்தது. வெயிலில் வெளுத்து, நார் நாராகப் பிசிர் அடித்து, யாரோ எந்தக் காலத்திலோ கட்டிவிட்டு மறந்துபோனது. மரம் பருத்துக்கொண்டே போனதில் கயிறு பட்டைக்குள் புதைந்து, அதன் இரண்டு பக்கமும் பட்டை உதடு மாதிரி பிதுங்கி, மஞ்சளாகப் பிசின் கசிந்து காய்ந்திருந்தது. மரத்தில் கயிறு கட்டாதீர்கள், அது மரத்தின் கழுத்தை நெரிக்கும் என்று பலகையில் படித்தது அவளுக்கு அப்படியே நினைவுக்கு வந்தது. அவளுக்குப் பார்க்கவே என்னவோ போல் இருந்தது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். என்ன முடிச்சோ, எந்தப் பக்கம் இழுத்தாலும் இன்னும் இறுகியது. கடைசியில் சமையல் கத்தியை எடுத்து வந்து, முடிச்சுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஒரே இடத்தில் அறுத்தாள். ஃப்ரேமிலிருந்து லென்ஸை நெம்பி எடுக்கிற அதே பொறுமையோடு, பட்டை பிய்யாமல், சுற்றிச் சுற்றி வந்து கயிற்றை வெளியே எடுத்தாள். எடுத்ததும் மரம் மூச்சு விட்டது போல அவளுக்குத் தோன்றியது. அதெல்லாம் சும்மா, அவள்தான் மூச்சு விட்டாள்.

அந்த நேரம் பார்த்து முகாமைப் பார்த்துக்கொள்கிற பெண் பச்சைச் சட்டையோடு சைக்கிளில் வந்தாள். கையில் கயிற்றோடு நிற்கிறவளைப் பார்த்து நிறுத்தினாள்.

"நீங்களா எடுத்தீங்க? அடடா. எல்லாரும் கட்டிட்டுப் போவாங்க, எடுக்கற ஆளை இப்பதான்க்கா பாக்கறேன். உங்கள மாதிரி நாலு பேர் வந்தாப் போதும், நான் காலை நீட்டிப் படுத்துடுவேன்."

கண்ணாடிக்காரிக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பாதை முனையில் இருந்த கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டியை எப்படித் திறப்பது என்று பச்சைச் சட்டைக்காரி காட்டிக் கொடுத்தாள். மூடிக்கு அடியில் ஒரு பொந்து, அதற்குள் விரலை விட்டு மேலே அழுத்த வேண்டும். "இந்த சூட்சுமம் கரடிக்குத் தெரியாது. பாதி மனுஷங்களுக்கும் தெரியாது" என்று சிரித்தாள். கயிறு உள்ளே விழுந்தது. குப்பை வண்டி மதியத்துக்குள் வந்துவிடும், அப்புறம் எல்லாம் சுத்தம் என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் பனிக்குள் போய்விட்டாள். கண்ணாடிக்காரி திரும்பி வந்து தேநீர் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். அந்த வருடத்திலேயே அவள் அவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

ஏரிக்குப் போன இருவரில் பெண்தான் முதலில் வந்தாள், ஓடி வந்தாள். தேநீர்ப் பக்கம் திரும்பாமல் நேராக அந்த மரத்துக்குப் போனாள். ஒரு சுற்று சுற்றினாள். அடுத்த மரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, மறுபடி இதற்கே வந்தாள். நேற்று இருட்டுகிற நேரத்தில் வந்து சேர்ந்ததால் பார்க்க முடியாமல் போய், இன்று அப்பாவோடு ஏரிக்குப் போனபோதும் இதையே நினைத்துக்கொண்டு, தனியாகப் பார்க்க வேண்டும் என்று முன்னால் ஓடி வந்திருக்கிறாள் என்பதெல்லாம் கண்ணாடிக்காரிக்கு அப்போது தெரியாது.

"இங்க ஒரு கயிறு இருந்துச்சே" என்றாள் பெண், வழக்கம் போலக் காற்றைப் பார்த்து.

"ஆமா, நான்தான் அறுத்து எடுத்தேன்" என்றாள் கண்ணாடிக்காரி சிரித்துக்கொண்டே. "பாவம், மரத்த எப்படி நெரிச்சிருக்கு பாரு. யாரோ புத்தி இல்லாம கட்டிட்டு..."

அதற்குள் லிஃப்ட்காரர் பனியிலிருந்து வெளியே வந்தார். மரத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், தண்ணீர் கேனை மெதுவாகக் கீழே வைத்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் கண்ணாடிக்காரி சிரிப்பை நிறுத்தினாள். பெண் அழவில்லை, கத்தவில்லை. கூடாரத்துக்குள் போய், ஜிப்பைக் கீழிருந்து மேல்வரை நிதானமாக இழுத்து மூடினாள். அந்தச் சத்தம் எவ்வளவு நீளம் என்று கண்ணாடிக்காரிக்குத் தெரியும், அவள் அதை முழுசாகக் கேட்டாள்.

லிஃப்ட்காரர் பேச்சு குறைவானவர். வாழ்நாளில் பாதியை லிஃப்டுக்குள் கழித்தவர் என்பதால், சின்ன இடத்தில் ஆட்களோடு மாட்டிக்கொண்டால் எல்லோரையும் போலக் கதவைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிற பழக்கம் அவருக்கு ஊறிப்போயிருந்தது. வீட்டிலும் அப்படித்தான், இங்கும் அப்படித்தான். இப்போது விட்டு விட்டுச் சொன்னார். பெண் சின்னவளாக இருந்தபோது ஓடைக்குள் விழுந்து எழுந்து வந்தாள். ஈரத் துணியைக் காயப்போட அவளுடைய அம்மா அந்தக் கயிற்றைக் கட்டினாள். அவள் நாடக அரங்கில் திரைக்குப் பின்னால் கயிறு கட்டுகிற வேலை பார்த்தவள். அவள் போட்ட முடிச்சை அவளைத் தவிர யாராலும் அவிழ்க்க முடியாது. கிளம்பும்போது கொடியை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு, மரத்தைச் சுற்றியதை அப்படியே விட்டுவிட்டாள். "இருக்கட்டும், அடுத்த வருஷமும் இங்கதானே வரப்போறோம்னு சொன்னா" என்றார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அது இன்னும் இருக்கும்னு நான் நினைக்கல."

"அவ நினைச்சிருக்கா. இந்த இடம்தான் வேணும்னு எதுக்குக் கேட்டா, உங்களுக்குப் புரியவே இல்லையா? எனக்குத்தான் தெரியாது. நீங்க அப்பாதானே?"

அவர் கதவைப் பார்ப்பது போல மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக்காரிக்கு அவர் மேல் கோபம் வந்தது. இல்லாதவள் மேல் வந்தது, நுழைவாயில் பலகை மேல் வந்தது, புத்தி இல்லாம என்று சொன்ன தன் வாய் மேல்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது. எழுந்து விறுவிறு என்று குப்பைத் தொட்டிக்கு நடந்தாள்.

கரடி கையை விட முடியாதபடி செய்த தொட்டியில் மனிதக் கையும் ஓரளவுக்கு மேல் போகாது. அவள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். அதற்குள் மேலே ஏதேதோ விழுந்திருந்தது. ஈரக் காபித்தூள், முட்டை ஓடு, யாரோ ஒருவரின் கிழிந்த காலுறை. பனி விலக ஆரம்பித்திருந்ததால் பாதையில் ஆட்கள் வந்து போனார்கள். அடுத்தவர் இடத்துக்குள் பார்க்கக் கூடாது என்கிற மரியாதையை மறந்து, தொட்டியில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்கிற பெண்மணியை எல்லோரும் நன்றாகவே பார்த்தார்கள். தூரத்தில் ஒரு வண்டி உறுமுவது கேட்டது.

"என்னக்கா, கரடி வேலைய நீங்க பாக்கறீங்க?" பச்சைச் சட்டைக்காரி சைக்கிளை விட்டு இறங்கினாள்.

"அந்தக் கயிறு வேணும். அது என் பொண்ணோடது" என்றாள் கண்ணாடிக்காரி. பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே காதில் விழுந்தது. பச்சைச் சட்டைக்காரி சாவிக்கொத்தை எடுத்து, தொட்டியின் முன்கதவைத் திறந்து, உள்ளே இருந்த பையை இழுத்து வெளியே போட்டாள். இரண்டு பேரும் மண்ணில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கயிறு அடியில் கிடந்தது. நடுவில் அந்த முடிச்சு, ஒரு சிறிய முஷ்டி மாதிரி, இன்னும் இறுகியே இருந்தது.

அவள் அதைக் கழுவவில்லை, காபித்தூளை மட்டும் தன் லென்ஸ் துடைக்கிற துணியால் துடைத்தாள். கூடார வாசலில் பெண்ணின் ஷூ பக்கத்தில் வைத்துவிட்டு, "வாசல்ல வெச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு விலகி வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஜிப் ஒரு சாண் திறந்தது. ஒரு கை வெளியே வந்தது, கயிறு உள்ளே போயிற்று.

அன்று முழுக்க அந்தப் பெண் அப்பாவோடு மட்டும் நடந்தாள். சாயங்காலம் தீ மூட்டி, மூன்று பேரும் சூப் குடித்தார்கள். அடுத்த இடத்தில் யாரோ மெதுவாகப் பாடினார்கள், அது இந்த இடத்தின் எல்லைவரை வந்து நின்றுகொண்டது. லிஃப்ட்காரர் தொண்டையைக் கனைத்து, "கயிறு கட்டக்கூடாதுன்னு இப்ப ரூல்ஸ் போட்டிருக்காங்கம்மா. அதான் அவங்க..." என்று ஆரம்பித்தார்.

"எங்கம்மா ரூல்ஸெல்லாம் பாக்க மாட்டாங்க" என்றாள் பெண். அதில் பெருமை இருந்தது.

"நான் பாப்பேன்" என்றாள் கண்ணாடிக்காரி. குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது. "எனக்கு அது ஒண்ணுதான் தெரியும். என்ன செய்யணும்னு யாராவது எழுதி வெச்சிருந்தா அப்படியே செஞ்சிடுவேன். எழுதாததுலதான் தப்பு பண்றேன்."

பெண், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக, காற்றைப் பார்க்காமல், தீக்கு மேலாக அவளைப் பார்த்தாள். தீயின் வெளிச்சத்தில் பெண்ணின் நெற்றிப்பொட்டில் ஃப்ரேம் பதிந்த தழும்பு தெரிந்தது. கண்ணாடிக்காரி அதைப் பல மாதமாகவே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தலை வளர்ந்துவிட்டது, ஃப்ரேம் வளரவில்லை. காதுக்குப் பின்னாலும் சிவந்திருக்கும், ராத்திரி கழற்றும்போது வலிக்கும். யாராவது வாடிக்கையாளராக இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பாள். இதுவும் சுற்றிப் போக வேண்டிய இடம் என்று பேசாமல் இருந்தாள்.

மறுநாள் கூடாரத்தை விட்டு வெளியே வந்தபோது முந்தின நாளைவிடப் பனி அடர்த்தி. மேசை இருந்தது, அதற்கப்பால் ஒன்றும் இல்லை; மரங்கள் எல்லாம் யாரோ அழித்துவிட்டுப் போனது போல லேசாக மிச்சம் இருந்தன. லிஃப்ட்காரர் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். அந்த மரத்தடியில் பெண் நின்றுகொண்டிருந்தாள். கயிற்றைப் பட்டை மேல் சுற்றிப் பிடிக்கப் பார்க்கிறாள், கை எட்டவில்லை, ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் நழுவுகிறது. கண்ணாடிக்காரி அடுப்பைப் பற்றவைத்து, தண்ணீரை ஏற்றிவிட்டு, பார்க்காதது போல முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

"கொஞ்சம் பிடிக்கிறீங்களா?"

யாரிடம் கேட்கிறாள் என்று தெரியாமல் கண்ணாடிக்காரி சுற்றிலும் பார்த்தாள். பனியைத் தவிர வேறு யாரும் இல்லை. மெதுவாகத்தான் நடக்க வேண்டும் என்று நினைத்தாள், கால் கேட்கவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் பெண், இந்தப் பக்கம் இவள். நடுவில் அடிமரம், ஒருவருக்கு ஒருவர் தெரியவில்லை. கயிற்றின் ஒரு நுனி இவள் கையில், மறு நுனி அவள் கையில்.

"இழுங்க."

"இழுக்கறேன். வரல."

"இன்னும் கொஞ்சம்."

இரண்டு நுனிக்கும் நடுவில் ஒரு கை அகலத்துக்குப் பட்டை தெரிந்தது. எவ்வளவு இழுத்தும் சேரவில்லை. "பெருசாயிடுச்சு" என்றாள் பெண், மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து.

"ஆமா."

"முன்னாடி இது என் தலைக்கு மேல இருந்துச்சு. எட்டி எட்டித் தொடுவேன்." கயிறு இருந்த பள்ளம் இப்போது அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. அவள் விரலை அதற்குள் வைத்துச் சுற்றி நடந்து வந்து, விரலில் ஒட்டிய பிசினைப் பார்த்தாள். "அதுக்கு வலிச்சிருக்குமா?"

ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று கண்ணாடிக்காரி நினைத்தாள். வரவில்லை. "மரத்தப் பத்தி எனக்குத் தெரியல. கண்ணாடி இறுகினா மனுஷங்களுக்கு வலிக்கும். அது எனக்குத் தெரியும்."

பெண் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் தண்ணீர் முணுமுணுக்க ஆரம்பித்தது. பெண்ணின் கை தானாகக் காதுக்குப் பின்னால் போயிற்று.

"இத மாத்தாம, பெருசு பண்ண முடியுமா?"

"முடியும்."

"உடையாதுல்ல?"

"நான் உடைக்க மாட்டேன்" என்றாள் கண்ணாடிக்காரி. "கயிறு அறுத்த ஆள் சொல்றேனேன்னு பாக்கறியா? இது என் வேலை. இதுல தப்பு பண்ண மாட்டேன்."

பெண் இரண்டு கையாலும் முடியைப் பின்னால் ஒதுக்கினாள். கண்ணை மூடினாள். முகத்தை நிமிர்த்தினாள். கண்ணாடிக்காரியின் விரல் ஒரு நொடி காற்றிலேயே நின்றது. பிறகு, கடையில் தினமும் யார் யாருக்கோ செய்வது போலவே, இரண்டு பக்கமும் பிடித்து, சிவப்புக் கண்ணாடியை மேல் நோக்கித் தூக்கிக் கழற்றினாள். நெற்றிப்பொட்டில் இரண்டு கோடு இருந்தது, காதுக்குப் பின்னால் தோல் சிவந்திருந்தது. அவள் அதைத் தொடவில்லை. அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய தண்ணீரில் கம்பிகளின் நுனியை மட்டும் விட்டாள். கம்பி மேல் இருக்கிற பிளாஸ்டிக் இளக வேண்டும். எடுத்து, மெல்ல வெளிப்பக்கம் வளைத்து, மறுபடி விட்டு, மறுபடி வளைத்தாள். பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். கடைசியில் அதைக் குளிர்ந்த தண்ணீர்க் கிண்ணத்தில் கிடத்தினாள். "ஆறணும். அப்பதான் இந்த வளைவு அப்படியே நிக்கும். கொஞ்ச நேரம் கண்ணாடி இல்லாம இரு."

இரண்டு பேரும் மேசையை ஒட்டிய உட்காரும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பெண் கண்ணைச் சுருக்காமல், பெரிதாகத் திறந்து வைத்துக்கொண்டு மரங்களைப் பார்த்தாள். கயிறு அவள் மடியில் கிடந்தது. எங்கேயோ ஒரு பறவை ஒற்றைச் சத்தமாகக் கூப்பிட்டுவிட்டு, பதில் வருகிறதா என்று காத்திருந்தது.

"கண்ணாடி போடலன்னா இருக்கு" என்றாள் பெண்.

"என்னது?"

"கயிறு. மரத்துல அப்படியே இருக்கற மாதிரி இருக்கு. நீங்களும் கழட்டிப் பாருங்களேன்."

கண்ணாடிக்காரி தன் கண்ணாடியைக் கழற்றினாள். கடையில் அவளை யாரும் கண்ணாடி இல்லாமல் பார்த்ததில்லை. கழற்றினால் அவளுக்குப் பக்கத்தில் இருக்கிற முகம்கூட முகமாகத் தெரியாது. பக்கத்தில் ஒரு சின்ன வெளிச்சமான உருவம், அதற்கப்பால் பனி, பனிக்குள் கரும்பச்சையாக எதுவோ ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் நடுவில் ஒரு கோடு மாதிரி தெரிந்தது. பள்ளத்தின் நிழலாக இருக்கலாம், பிசினின் பளபளப்பாக இருக்கலாம். பாதையின் அந்தக் கோடியிலிருந்து தண்ணீர் கேனோடு யாரோ ஒருவர் வருகிறார் போலிருந்தது, இன்னும் யார் என்று ஆகவில்லை. கிண்ணத்தில் சிவப்புக் கண்ணாடி ஆறிக்கொண்டிருந்தது. ஒரு தோள் மெதுவாக வந்து அவள் கையில் சாய்ந்தது.

"இப்ப தெரியுதா?" என்று கேட்டாள் பெண்.

அந்தக் கோடு நீலமாகிறதா என்று கண்ணாடிக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள்.